சோலையும் புல்வெளியும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

நீலகிரியிலும் மூணாற்றிலும் மலையுச்சிகளில் எஞ்சியிருக்கும் சோலைக்காடுகளையும், அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளையும் பார்க்கப் போவது குறித்து வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: ஊட்டிக்குக் குடும்பத்தோடு பலமுறை போயிருக்கிறோம். பைன் காடு, தைல மரக் காடு எல்லாம் பார்த்தாகிவிட்டது. சோலைக்காடு என்று தனியாக ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? பார்த்தால் அடையாளம் தெரியுமா?

நிச்சயமாகத் தெரியும். நீங்கள் பார்த்த பைன் மரமும், நீலகிரிவாசிகள் கற்பூர மரம் என்று சொல்லும் தைல மரமும், சாலையோரமெங்கும் மஞ்சள் பூக்களோடு நிற்கும் சீகை மரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. தைலமும் சீகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து முதலில் விறகுக்காக வந்தன. நாடு விடுதலை பெற்ற பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும், ஆலைகளுக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் அவை பெரும் பரப்பில் நடப்பட்டன. மரங்கள் வரிசை பிடித்து நேராக நின்று, அடியில் சருகைத் தவிர வேறொன்றும் இல்லாமல், பறவைக் குரலும் அரிதாகவே கேட்டால் நீங்கள் நிற்பது தோட்டம் என்று கொள்ளலாம்.

சோலைக்காடு வேறு மாதிரியானது. இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில், ஓடை பிறக்கும் இடத்தில், புல்வெளியின் நடுவே திட்டாக நிற்கும். மரங்கள் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. அடிமரம் முறுக்கிக்கொண்டு, பாசியும் மரத்தின்மேல் வளரும் ஆர்க்கிடுகளும் மூடிக் கிடக்கும். நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், இலவங்க இனங்கள் ஆகியவற்றின் உச்சிகள் ஒன்றோடொன்று நெருங்கி உருண்டையாகத் திரண்டிருப்பதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது பூக்கோசைப் போலவே இருக்கும். அவலாஞ்சியில் ஒரு சோலைக்குக் காலிஃபிளவர் சோலை என்றே பெயர் நிலைத்துவிட்டது. தளிர் விடும் பருவத்தில் அந்த உச்சிகள் செம்பு நிறத்திலிருந்து இளஞ்சிவப்பு வரை பல நிறம் காட்டும். சோலையின் ஓரத்திலும் புல்வெளியின் நடுவில் தனித்தும், பனிக்காலத்தில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு நிற்கும்.

முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்குக் கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையை நான் பரிந்துரைப்பேன். சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை தேயிலைத் தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே தப்பிப் பிழைத்து நிற்கிறது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தரும் ஓடைகள் இதற்குள்தான் பிறக்கின்றன. விறகுக்காக வெட்டப்பட்டு மெலிந்துகொண்டிருந்த இதனைக் காக்க உள்ளூர் மக்களே ஒரு குழு அமைத்து வனத்துறையோடு சேர்ந்து உழைத்தார்கள். 2024 ஜனவரியில் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வெளியே வெயில் கண்ணைக் கூசும் நேரத்தில் உள்ளே பத்தடி எடுத்து வைத்தால் குளிர் சட்டென்று முகத்தில் படும். கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரமாகும். அப்படிப் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். முழங்கால் உயரத்துக் கிளையொன்றில், உடல் ஆரஞ்சாகவும் தலையும் சிறகும் கருப்பாகவும் உள்ள சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் ஒன்று உங்களைப் பொருட்படுத்தாமல் பூச்சி பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கக் கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்: மலையுச்சியில் உள்ள புல்வெளிகள் எல்லாம் முன்பு காடாக இருந்தவை என்றும், மனிதர்கள் வெட்டியும் எரித்தும் மேய்ச்சலுக்கு விட்டும் அவற்றைப் புல்லாக்கிவிட்டார்கள் என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் அந்தப் புல்வெளிகளை ஏன் பாதுகாக்க வேண்டும்?

நெடுங்காலம் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் புல்வெளிகளை வெற்று நிலம் என்று கணக்கெழுத வைத்தது. ஆனால் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண் வேறு கதை சொல்கிறது. புல் மட்கி உண்டான மண்ணிலும் மரம் மட்கி உண்டான மண்ணிலும் எடை வேறுபட்ட இருவகைக் கரியணுக்களின் விகிதம் வேறுபடும். அந்த விகிதத்தை அடுக்கு அடுக்காக அளந்து பார்த்தபோது, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்தது என்பதும், ஈரமான காலங்களில் காடு விரிந்து வறண்ட காலங்களில் புல் விரிந்து, இரண்டும் ஒன்றையொன்று தள்ளியும் இடம் விட்டும் வந்திருக்கின்றன என்பதும் தெரியவந்தன. இந்த மலையில் உழவும் மந்தைகளும் தோன்றுவதற்கு வெகு காலம் முந்திய செய்தி இது.

உயிர்களும் இதற்குச் சாட்சி. வரையாடும், நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவையும் இந்த உயர்மலைப் புல்வெளியில் வாழ்வதற்கென்றே உருவானவை. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஒரு நிலம் சில நூறு ஆண்டுகளுக்கு முன் மனிதன் உண்டாக்கியதாக இருந்தால், அதற்கென்றே உரிய விலங்கும் பறவையும் அதில் தோன்றியிருக்க முடியாது. பழமையில் சோலைக்குச் சிறிதும் குறையாத நிலம் புல்வெளி. அதை இழந்தால் திரும்ப உண்டாக்குவது சோலையை மீட்பதைப் போலவே கடினம்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: எங்கள் பள்ளியின் சூழல் மன்ற மாணவர்களை நீலகிரிக்கு அழைத்துச் சென்று, மரமே இல்லாமல் மொட்டையாகக் கிடக்கும் குன்றுகளில் மரக்கன்றுகள் நட விரும்புகிறோம். என்ன மரம் நடலாம்? யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

ஐயா, உங்கள் நோக்கத்தின் நேர்மையை மதித்தே இதைச் சொல்கிறேன்: தயவுசெய்து அங்கே எந்த மரமும் நடாதீர்கள். சோலை மரக்கன்றுகளே என்றாலும் நடாதீர்கள். மொட்டைக் குன்று என்று நமக்குத் தோன்றுவது முழுமையாக வளர்ந்து நிற்கும் ஒரு வாழிடம்.

அங்கே மரம் ஏன் இல்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் திறந்த வெளியின் தரைமட்டக் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்குகிறது. விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சோலை மரங்களின் கன்றுகள் தாய்மர நிழலின் கதகதப்பில் முளைத்துப் பழகியவை. திறந்த வெளியில் அவற்றின் குருத்து ஒரே இரவில் கருகிவிடும். புல்லுக்கோ வளரும் மொட்டு மண்ணையொட்டிக் கீழே இருக்கிறது; மேலே இலை கருகினாலும் மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். சோலை மடிப்புகளுக்குள் ஒதுங்கியும் புல் சரிவுகளில் விரிந்தும் இருப்பதற்கு உறைபனியும், காற்றும், அவ்வப்போது வரும் தீயும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

வெளியிலிருந்து வந்தும் உறைபனியைத் தாங்கி அங்கே பெருகக்கூடிய மரங்களில் ஒன்று சீகை. அதனால்தான் அது இவ்வளவு கேடு செய்திருக்கிறது. அது நிலத்தை நிழலால் மூடியதும் அடியில் புல் செத்துவிடுகிறது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கிறது. வெட்டினாலோ தீ வைத்தாலோ மண்ணெங்கும் ஒரே நேரத்தில் முளைக்கிறது. சில சீகை இனங்கள் வேரிலிருந்தும் கிளைக்கின்றன. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதில் பெரும்பங்கு தோட்ட மரங்களுக்கே உரியது. பசுமை கூடியது என்று அந்தப் படத்தைப் பார்ப்பவர் மகிழக்கூடும் என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது.

உங்கள் ஊருக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. பவானியும் மோயாறும் நீலகிரியில்தான் நீர் திரட்டிக்கொண்டு இறங்கி வருகின்றன. மழை மாதங்களில் பெய்யும் நீரைப் புல்வெளியின் கரிமண்ணும் சதுப்பும் உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த பின்னும் சோலை ஓடைகள் வழியே சிறுகச் சிறுக விடுவதால்தான் கோடையிலும் அந்த ஓடைகள் வற்றுவதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் அந்தப் புல்லின் பங்கும் உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்; வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

உழைப்பையும் கொடுக்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினால், வனத்துறையின் மேற்பார்வையில் புல்வெளிக்குள் புதிதாக முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கும் பணி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கையால் பிடுங்கக்கூடிய பருவத்தில் அகற்றுவதே மிகப் பயனுள்ளது. வளர்ந்து முதிர்ந்த சீகைத் தோப்புகளை என்ன செய்வது என்பதில் துறை அறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழனி மலையில் சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதால், அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டுவது தவறு என்று சொல்பவர்களின் பக்கமே நானும் நிற்கிறேன். புல்வெளியின் ஓரத்தில் பரவும் இளஞ்சீகை விஷயத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: புல்வெளிப் பூக்களைப் பார்க்க எந்த மாதம் ஏற்றது? 2018-இல் குறிஞ்சியைத் தவறவிட்டேன். மறுபடி எப்போது பூக்கும்?

மூணாறு, கொடைக்கானல் மலைகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருந்திரளாகப் பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பார்க்கலாம். எல்லாச் சரிவுகளும் ஒரே ஆண்டுக் கணக்கில் இல்லாததால் வேறு மலைகளில் வேறு ஆண்டுகளிலும் சிறு பரப்புகளில் பூப்பது உண்டு. பூத்துக் காய்த்து விதை உதிர்த்ததும் செடி பட்டுப்போகிறது. ஒரு செடி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கிறது என்பதால், அதிலிருந்து ஒரு கொத்தைப் பறிப்பது அதன் வாழ்நாள் விதையில் ஒரு பங்கை எடுப்பதாகும். 2018-இல் பறித்து விற்றவர்களையும் வாங்கித் தலையில் சூடியவர்களையும் பற்றிப் படித்தபோது எனக்கு ஆறவில்லை.

ஆனால் குறிஞ்சிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். தென்மேற்குப் பருவமழை தணியும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புல்வெளி ஆண்டுதோறும் பூக்கிறது. பாதையோரத்தில் அமர்ந்து, ஒரு முழ நீள அகலப் பரப்பை மட்டும் கால்மணி நேரம் பாருங்கள். புல் கற்றைகளுக்கிடையே இளஞ்சிவப்புக் கதிராக ஒரு தரை ஆர்க்கிட் நிமிர்ந்திருக்கும். நீர் கசியும் இடமானால் புல்லின் அடியில் அழுகண்ணி இருக்கும். அதன் சிறிய இலையின் விளிம்பில் உள்ள ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசையுள்ள துளியொன்று மின்னும். அந்தத் துளியைத் தேன் என்று நம்பி வந்து ஒட்டிக்கொண்ட கொசுவை இலை மெல்லச் சுருண்டு மூடிச் செரித்துக்கொள்கிறது. சத்துக் குறைந்த மண்ணில் வாழ அது கண்ட வழி அது. பாறைச் சரிவுகளில் பெரிய வெள்ளை லில்லி பூத்திருக்கும். நீர் சொட்டும் பாறைகளில் காட்டுக் காசித்தும்பைகள் படர்ந்திருக்கும். இவற்றில் பல விரல் உயரம்கூட இல்லாதவை. பாதையை விட்டுப் படமெடுக்க இறங்குபவரின் காலடியில் முதலில் நசுங்குபவையும் இவைதான். ஊட்டி, கூடலூர் சாலையில் ஒன்பதாம் மைல் புல்வெளியில் ஆட்கள் ஏறி இறங்கிய தடங்கள் எத்தனை அகலமாக மண் தெரிய வெளுத்திருக்கின்றன என்பதைச் சாலையிலிருந்தே காணலாம்.

சென்னையிலிருந்து பலர்: அனுமதி, இ-பாஸ், மூடும் காலம் பற்றிச் சொல்லுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி இது 2024 மே மாதம் தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் கோடைப் பருவத்தில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் போவதற்குப் பாஸ் தேவையில்லை. முடிந்தவர்கள் அப்படியே போகலாம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா பொதுவான சுற்றுலாவுக்குத் திறந்த இடமல்ல. அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில்தான் உள்ளே அழைத்துச் செல்வார்கள். நடந்து பார்க்க விரும்புவோர், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள்.

தீக்காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுவதைக் குறைகூறிச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டது காய்ந்த புல் நிறைந்த சரிவில் பரவிய தீயில்தான். காற்றோடு மேலேறும் புல்தீயை எந்த மனிதராலும் ஓடிக் கடக்க முடியாது. அந்தத் தடை உங்கள் உயிருக்காகப் போடப்பட்டது.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: அட்டைக்கு என்ன செய்வது?

மழைக்காலத்தில் சோலைக்குள் அட்டை இருக்கத்தான் செய்யும். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை அணிந்து, அதன் மேல் புகையிலைத் தூளைத் தடவிக்கொண்டால் பெரும்பாலும் போதும். கடித்துவிட்டால் பதறிப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல நகர்த்தி எடுங்கள். வழியெல்லாம் உப்பைத் தூவிக்கொண்டே நடப்பவர்களை மட்டும் தடுங்கள். சோலைத் தரையின் சருகுக்குள் நகத்தளவே உள்ள புதர்த்தவளைகள் வாழ்கின்றன. அவற்றில் பல தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் ஈரச் சருகிலும் இலையிலும் இட்ட முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாக வெளிவருபவை. தோலால் நீரை உறிஞ்சும் அந்த உயிர்களுக்கு உப்பு நஞ்சு.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தாய்: ராஜமலையில் வரையாடு மிக அருகில் வருகிறதாம். குழந்தைகளை அதன் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கலாமா?

அருகில் வரும் என்பது உண்மை. எடுக்க வேண்டாம் என்பது என் பதில். இரவிக்குளம் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியான ராஜமலையில் வரையாடுகள் பல தலைமுறைகளாக மனிதரைப் பார்த்துப் பழகி அச்சம் விட்டவை. அவற்றைத் தொடுவதும், பிடித்து நிறுத்துவதும், தின்ன எதையாவது நீட்டுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குட்டி ஈனும் காலமாகையால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். ஆகவே தேர்வு முடிந்த ஏப்ரலில் திட்டமிடுங்கள். கால்கள் இன்னும் நிலைகொள்ளாத குட்டிகள் தாயின் பின்னே பாறை தாவுவதை அப்போது பார்க்கலாம். குழந்தைகளைப் பத்தடி தள்ளி உட்கார வைத்து, தாய் ஆடு எந்தப் புல்லைத் தேர்ந்து கடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: தோடர் மந்துகளைப் பார்க்கலாமா? அவர்களுக்கும் இந்தப் புல்வெளிக்கும் என்ன உறவு?

உறவு மிக நெருக்கமானது. தோடர்களின் வாழ்வு எருமையைச் சுற்றியது. எருமையின் வாழ்வு புல்வெளியைச் சுற்றியது. அரைவட்ட வளைவாக அமைந்த அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேய, சதுப்பில் மட்டுமே வளரும் ஒரு புல் தேவை. சதுப்புகளைச் சீகையும் தேயிலையும் விழுங்கியபின் அந்தப் புல்லுக்காக அவர்கள் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. ஒரு செடியின் இழப்பு ஒரு வழிபாட்டின் இடையூறாக மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

மந்து என்பது அவர்கள் குடியிருக்கும் ஊர். அழைப்போ உள்ளூர் வழிகாட்டியோ இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள். கோயிலின் சுற்றுக்கல்லைத் தாண்டக் கூடாது. கேட்காமல் யாரையும் படமெடுக்கக் கூடாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களுடைய சிவப்பு, கருப்புப் பூத்தையல் துணிகளை அவர்களிடமே நேரில் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள், ஒரு போர்வைக்குப் பல வார உழைப்பு போகிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு முதியவர்: என் மனைவிக்கு முட்டுவலி. மேடு ஏற முடியாது. எங்களைப் போன்றவர்கள் பார்க்கக்கூடிய சோலையும் புல்வெளியும் உண்டா?

உண்டு ஐயா. ராஜமலைக்குச் செல்லுங்கள். மூணாற்றை அடுத்த அஞ்சாம் மைலிலிருந்து வனத்துறைப் பேருந்து மேலே கொண்டுபோய் விடும், அங்கிருந்து தார்ச்சாலைதான். சாலை மெல்ல ஏறுமுகமாக இருப்பதால் முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சிறிது தொலைவு போனாலே ஒரு பக்கம் புல் மூடிய சரிவும், எதிர்ப்பக்க மடிப்புகளில் கருப்பாகத் தெரியும் சோலைகளும், மேகம் விலகினால் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் தெரியும். இணையத்தில் முன்பதிவு செய்து, காலை முதல் பேருந்தையே பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டமும் மேகமும் சேர்ந்துவிடும். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோகலாமா என்று நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஓர் இருநோக்கி இரவல் கிடைத்தால் விடாதீர்கள், எதிர்ச்சரிவில் மேயும் மந்தையை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.